காற்றை நிறுத்திய ஞாயிறு

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, காற்றாலைகள் உண்டாக்கும் மின்சாரத்தை வாங்கி மேலே அனுப்புகிற தனியார் துணைமின் நிலையம் ஒன்றில் நான் ஷிப்ட் இன்ஜினியர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே இடம்தான். கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஒவ்வொரு காற்றாலையும் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். பச்சை என்றால் ஓட விட்டிருக்கிறது, சிவப்பு என்றால் நிறுத்தி வைத்திருக்கிறது. மாநிலம் முழுவதற்குமான மின்சாரத்தைச் சென்னையில் ஓர் அறையிலிருந்து கவனிக்கிறார்கள். அங்கிருந்து போன் வந்தால், சொன்ன அளவுக்கு நான் பச்சையைச் சிவப்பாக்க வேண்டும். இதற்கு எங்கள் வட்டாரத்தில் பேக்டவுன் என்று பெயர்.

வெளியாட்களுக்கு இது விளங்குவதில்லை. கணவாயில் ஆனி ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஏன் காத்தாடிகளை நிறுத்தி வைக்கிறீர்கள் என்று வடசேரி பஸ் நிலையத்தில் அறிமுகமில்லாதவர்கள்கூட என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மின்சாரத்தைச் சாக்கில் கட்டி வைக்க முடியாது. உண்டாகிற நேரத்திலேயே யாராவது செலவழித்தாக வேண்டும். அடுத்த மாவட்டக் கடற்கரையில் இருக்கிற அணுமின் நிலையம் இரவும் பகலும் ஒரே சீராக ஓடக்கூடியது. அடுப்புத் தீயைக் குறைக்கிற மாதிரி அதை நினைத்தபோது குறைக்க மாட்டார்கள். நிலக்கரி நிலையங்களை ஓரளவுக்குக் குறைக்கலாம். அடியோடு அணைத்துவிட்டால், வெயில் இறங்கி எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் அவை உடனே எழுந்து வராது. ஆகவே வெயிலும் காற்றும் ஒன்றாக அடிக்கிற மதியத்தில், தேவை குறைவாக இருந்தால், கடைசியில் போன் எங்களுக்குத்தான் வரும். எங்களை நிறுத்துவது சுலபம். ஒரு பட்டன்.

வேலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் நெய்யூர்ப் பக்கம், சீர்திருத்த சபைக் குடும்பம். மனைவி கடற்கரைக்காரி, கத்தோலிக்க வீடு. அணுமின் நிலையம் வேண்டாம் என்று கடற்கரை முழுவதும் போராடிய நாட்களில் அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஊர்ப் பெண்களோடு படகில் போய்ப் பந்தலில் உட்கார்ந்தவர். அவளுடைய அண்ணன் பெயர் போலீஸ் வழக்கில் சேர்ந்துவிட்டது. கத்தாரில் கிடைத்த வேலைக்குப் போக பாஸ்போர்ட் வரவில்லை. வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. பல வருஷம் கழித்து அந்தச் சிக்கல் தீர்ந்த பிறகுதான் அவரால் வளைகுடாவுக்குப் போக முடிந்தது.

பெண் கேட்டுப் போனபோது சபை வேறாக இருக்கிறதே என்று என் வீட்டார் தயங்கிக்கொண்டிருந்தார்கள். மாமி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

“கரண்டு ஆபீசுன்னு சொன்னாவ. எந்தக் கரண்டு?”

“காத்தாடி, மாமி.”

“அப்பம் சரி. உலையில வேலைன்னா நான் பிள்ளையத் தந்திருக்க மாட்டேன்.”

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை. டிவியில் அந்த நிலையத்தைக் காட்டினால் யாராவது சேனலை மாற்றுவோம். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

ஒரு ஆனி மாதம் எங்கள் மேனேஜர் என்னை அழைத்து, இலங்கையிலிருந்து மின்துறைக்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள் என்றார். இரண்டு நாட்டுக்கும் நடுவே கடல் வழியாக மின்கம்பி போடுகிற யோசனை வெகு காலமாகப் பேச்சில் இருக்கிறது. நேபாளத்து ஆற்று மின்சாரம் நம் கம்பி வழியாக வங்காளதேசத்துக்குப் போகிறது. பூட்டானோடும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. தெற்கே மட்டும் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. அணுவும் காற்றும் வெயிலும் ஒரே வலைப்பின்னலில் எப்படி ஒத்துப்போகின்றன என்று பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள்.

“அதுல ஒருத்தர் தமிழாமுங்க. நீங்க அவரப் பாத்துக்கோங்க,” என்றார் மேனேஜர். அவர் கோயம்புத்தூர்க்காரர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர். நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடித்தார். காற்று பிடுங்கிவிடாதபடி வரவேற்புப் பலகையை இரும்புச் சட்டத்தில் கட்டச் சொன்னார். காற்றாலைகள் முழு வேகத்தில் ஓடும்போது மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்குமலை வரைக்கும் ஒரே சுழற்சியாகத் தெரியும். விருந்தாளிகளை நேராக அங்கே அழைத்துப் போவது என்று முடிவாயிற்று.

அவர்கள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. காற்றும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வடக்கே பல ஊர்களில் முந்தின இரவு மழை, மின்விசிறியும் ஏசியும் அதிகம் ஓடாது. தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. வெயிலும் குறைவில்லை. காலையில் திரையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. மேனேஜரிடம் சொன்னேன்.

“இன்னைக்கு ஒரு நாள் கூப்பிடாம இருந்தாப் போதுமுங்க,” என்றார்.

விருந்தாளிகள் வேனிலிருந்து இறங்கினார்கள். தலைமைப் பொறியாளர் ஒரு சிங்களப் பெண்மணி, ஆங்கிலத்தில் பேசினார். தமிழர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், மன்னார்ப் பக்கம். காற்றில் பறந்த அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, “அண்ணை, இஞ்சை நிண்டு கதைக்கவே ஏலாது போல கிடக்கு,” என்று சிரித்தார். எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள். மேனேஜர் கையை நீட்டி வயல்களையும் மலையையும் காட்டிப் பேசத் தொடங்கியபோது கீழே என் உதவியாளர் கைகாட்டி அழைத்தார். நான் இறங்கிப் போனேன். சென்னையிலிருந்து போன்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றையும். நான் ஒருமுறை, இங்கே வெளிநாட்டு விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மறுமுனையில் இருந்தவருக்கு என் குரல் பழக்கம். “சார், எனக்கு மட்டும் ஆசையா? பிரீக்வென்ஸி ஏறுது,” என்றார். உண்டாகிற மின்சாரம் செலவைவிடக் கூடினால் அது ஏறும், ஏற விடக் கூடாது. நான் வரிசையாக நிறுத்தினேன். பச்சை எல்லாம் சிவப்பாயிற்று.

மாடிக்குத் திரும்பியபோது காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் இறங்கிக்கொண்டிருந்தன. இறக்கைகள் தங்களைத் திருப்பிக்கொண்டு காற்றை வழியவிடும். பார்க்கிறவர்களுக்கு ஒரு கூட்டமே பேச்சை நிறுத்தின மாதிரி இருக்கும். காற்று மட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜரின் முகம் வெளிறியது. அவர் ஆங்கிலத்தில், வழக்கமான பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறோம் என்றார். என் பக்கம் திரும்பித் தமிழில், “மெயின்டனன்ஸ்னே சொல்லிப்போடுங்க,” என்று தணிந்த குரலில் சொன்னார். அந்தக் காற்றில் எதையும் தணிந்த குரலில் சொல்ல முடியாது. மன்னார்க்காரர் கேட்டுவிட்டார்.

மேனேஜர் மற்றவர்களை டிரான்ஸ்பார்மர் பக்கம் அழைத்துப் போனதும் அவர் என்னருகே வந்தார்.

“எல்லாத்தையும் ஒரே நேரத்திலயோ அண்ணை பராமரிக்கிறியள்?”

நான் என்ன சொல்வதென்று யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை. அவரும் என்னைப் போலக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். நான் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

“இல்ல. கரண்டு கூடிப்போச்சு, எடுக்க ஆளில்ல. உலை ஓடிட்டிருக்கு, அதக் குறைக்க மாட்டாவ. வெயிலு நல்லா இருக்கு. லீவு நாளு. அதனால எங்கள நிறுத்தச் சொன்னாவ.”

அவர் நின்றுபோன காற்றாலைகளைப் பார்த்தார். பிறகு, “நாங்கள் இருட்டுக்குள்ள கிடந்து செத்தம். நீங்கள் இஞ்சை காத்தை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்,” என்றார். குரலில் கோபம் இல்லை. நேராகத் தலைமைப் பொறியாளரிடம் போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் என்னை அழைத்து ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். எந்த மாதங்களில் இப்படி நடக்கும், எந்த நேரத்தில், நிறுத்திய மின்சாரத்தை வேறு மாநிலத்துக்குக் கொடுக்க முடியாதா என்று. காற்றுக் காலத்தில் சில மாநிலங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கோடையில் திரும்ப வாங்கிக்கொள்வது உண்டு என்றும், கம்பியில் இடம் இருந்தால்தான் அதுவும் நடக்கும் என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்ற மேனேஜர் என்னைப் பார்க்கவே இல்லை.

மதியம் மற்றவர்கள் கன்னியாகுமரியில் ஒரு ஓட்டலுக்குப் போவதாக ஏற்பாடு. மன்னார்க்காரர் ஒரு வாரமாக ஓட்டல் சாப்பாடு என்று அலுத்துக்கொண்டார். என் ஷிப்ட் முடிகிற நேரம். வீட்டுக்கு வாருங்கள் என்றேன். சட்டென்று ஒத்துக்கொண்டார். தலைமைப் பொறியாளர் சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி பூசை முடிந்ததும் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். அன்றும் வந்திருந்தார். பாரை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சோறும் இருந்தன. கிழங்கைப் பார்த்ததும் விருந்தாளி, “ஆ, மரவள்ளி!” என்றார். மாமிக்கு அவருடைய பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் பேச்சையே ராகம் போடுகிறோம் என்று வெளியூரார் கேலி செய்வார்கள். எங்களைவிட ராகமாகப் பேசுகிற ஒருவர் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. மன்னாரில் என்ன மீன் கிடைக்கும், கரையில் கோயில் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே பரிமாறினார். பிறகு, இந்தப் பக்கம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

நான் தலையிட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். மனைவி என்னைப் பார்த்தாள். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

“கடலுக்கடியால கம்பி போட்டு உங்கட கரண்டை எங்களுக்கு எடுக்கலாமோ எண்டு பாக்கத்தான் அம்மா.”

“கடலுக்கு அடியிலயா? மீன் வல போய் மாட்டாதா?”

“மண்ணுக்குள்ள தாட்டுத்தான் போடுவினம். மாட்டாமல்தான் போட வேணும்.”

மாமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். “எங்க கரண்டுன்னா எது? காத்தாடிக்க கரண்டா, உலைக்க கரண்டா?”

“எல்லாம் ஒண்டாக் கலந்துதான் வரும். கம்பிக்குள்ள வந்தாப் பிறகு பிரிச்சு எடுக்கேலாது அம்மா.”

“அப்பம் உலைக்க கரண்டும் உண்டு.”

“ஓம்.”

“தெரிஞ்சே எடுப்பியளா?”

“எடுப்பம் அம்மா.”

விருந்தாளி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி, “அம்மா, சாப்பிடட்டும்,” என்றாள். அவர் பரவாயில்லை என்று கையசைத்தார். பிறகு, ஏன் எடுப்போம் என்பதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார்.

அவர்கள் நாட்டில் பணநெருக்கடி வந்து, எண்ணெய் வாங்க முடியாமல் மின்நிலையங்கள் நின்றுபோன காலம். அவர் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் குடியிருந்தார். அம்மா அவரோடு இருந்தார். அம்மாவுக்கு நுரையீரலில் நோய். மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம் இல்லாமல் இருக்க முடியாது. எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரத்தை வெட்டுவது என்று முடிவு செய்கிற அறையில்தான் இவருக்கு வேலை.

“எங்கட வீதியை வெட்டாமல் விட எனக்கு ஏலும். ஆரும் கேக்கப் போறேல்ல,” என்றார்.

“விட்டியளா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லை. அடுத்த வீதியிலயும் ஆரும் மெசின் வைச்சுக் கொண்டிருப்பினம்தானே. அவைக்கு ஆர் விடுறது?”

ஆஸ்பத்திரிக்கு மட்டும் மின்சாரம் நிறுத்தமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் வெட்டு நேரத்துக்கு முன்னால் அம்மாவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நடைபாதையில் ஒரு கதிரையில் உட்காரவைத்து, மின்சாரம் வந்ததும் திரும்ப அழைத்து வந்திருக்கிறார்கள். பிறகு பெட்ரோலும் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் ஓட்டோவே கிடைக்கவில்லை. இவர் வேலையில் இருந்தார். வீட்டில் மனைவி மட்டும். கைச்சிலிண்டரில் ஆக்ஸிஜன் கொஞ்சம்தான் மிச்சம். தெருவில் போன ஒரு மரக்கறி லொறியை மறித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே மனைவி ஏறிக்கொள்ள, அம்மாவை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் இவர் தன் அறையில் தன் வீடு இருக்கிற பகுதியின் சுவிட்சை அணைத்து முடித்திருந்தார்.

“அண்டைக்கு வீட்டை போகப் பயமாக் கிடந்தது,” என்றார். “போனா, அம்மா லொறிக் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கொண்டு இருக்கிறா. டிரைவர் பெடியன் நல்ல பாட்டுப் போட்டவனாம். எனக்குத்தான் அண்டைக்குச் சோறு இறங்கேல்ல.”

“அம்மைக்கு இப்பம் எப்படி இருக்கு?” என்று மாமி கேட்டார்.

“இருக்கிறா. இப்ப மன்னாரில தங்கச்சியோட. மெசினும் இருக்கு.”

மாமி எழுந்து போய் இன்னொரு துண்டு மீனை எடுத்து வந்து அவர் இலையில் வைத்தார். உட்கார்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உங்களுக்க கஷ்டம் எனக்கு மனசிலாவுது. எனக்கு அந்த உலை வேண்டாம்னுதான் இப்பமும். பந்தல்ல கெடந்தப்பம் நாங்க கேட்டது ஒண்ணுதான், எங்ககிட்ட வந்து பேசுங்கன்னு. யாரும் வந்து உங்கள மாதிரி இலையப் போட்டு உக்காந்து பேசல்ல. எனக்க மொவனுக்க வேலை போச்சு.”

“அது பிழைதான் அம்மா,” என்றார் அவர். பிறகு குழம்பில் என்ன புளி போட்டீர்கள் என்று கேட்டார். மாமி கொடம்புளி என்றார். அது அவர்கள் ஊரில் கொறுக்காய். போகும்போது மாமி அதில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், அம்மாவுக்கு என்று. எங்கள் வீட்டில் உலையைப் பற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது அன்றுதான்.

மறுநாள் மேனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“நான் என்ன சொன்னனுங்க, நீங்க என்ன சொல்லியிருக்கீங்க?”

“கேட்டாரு, சொன்னேன் சார்.”

“உங்களுக்கு என்னங்க. மேல பதில் சொல்றது நான்தானுங்க. காத்திருந்தும் ஓட்ட விடமாட்டேங்கறாங்கன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்குப் புதுசா ஒரு காத்தாடி வைக்க எவன் வருவான்?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில வாரம் என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். பிறகு விருந்தாளிகளிடமிருந்து தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிறுத்துவதைப் பற்றி ஒளிக்காமல் விளக்கியது மிகவும் பயன்பட்டது, அந்த விவரங்களை இன்னும் விரிவாக அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் அதை எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அடுத்த முறை வேறொரு குழு வந்தபோது, “அந்தப் பேக்டவுன் சமாச்சாரத்த நீங்களே சொல்லிருங்க, நல்லா சொல்றீங்க,” என்றார்.

கடல்கம்பி இன்னும் வரவில்லை. செலவை யார் ஏற்பது, எந்த விலைக்கு, எந்தக் கரையில் ஏற்றுவது என்று கூட்டங்கள் நடக்கின்றன. இங்கே எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்கலப் பெட்டகங்கள் வைக்க இடம் அளந்து கல் நட்டிருக்கிறார்கள். அது வந்தால் மதியத்துக் காற்றில் கொஞ்சத்தைச் சாயந்தரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அணு உலை ஒன்றை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்துகிற மாதங்களில் எங்களிடம், முடிந்ததெல்லாம் ஓட்டுங்கள் என்பார்கள். பெரும்பாலும் அது காற்றில்லாத காலமாக அமைந்துவிடும். கட்டமெல்லாம் பச்சையாக இருக்கும், இறக்கை அசையாது.

மன்னார்க்காரர் அவ்வப்போது வாட்ஸப்பில் பேசுவார். ஒரு சித்திரை வருஷப்பிறப்பு விடுமுறையில் அழைத்தார். அங்கே வீட்டுக் கூரைகளில் சோலார் பெருகிவிட்டது. விடுமுறையில் எடுப்பார் இல்லை. பகலில் கூரைத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மக்களைக் கேட்டிருக்கிறார்கள்.

“அண்ணை, இப்ப நாங்களும் நிப்பாட்டுறம்,” என்றார். “சனம் ஏசுது. அண்டைக்கு நான் உங்களைப் பாத்துச் சொன்னதை இப்ப எனக்குச் சொல்லுறாங்கள்.”

“என்ன சொல்லுதிய அவியட்ட?”

“என்னத்தைச் சொல்லுறது. உள்ளதைத்தான்.”

அவருடைய அம்மா நலமாக இருக்கிறார். கொறுக்காய் தீர்ந்துவிட்டதாம்.

மாமியின் வீட்டு மாடியிலும் இப்போது சோலார் இருக்கிறது. கத்தாரில் இருக்கிற மகன் பணம் அனுப்பினார். உப்புக் காற்றில் சட்டம் துருப்பிடிக்குமே என்று நான் தயங்கினேன். மாமி கேட்கவில்லை. மாட்டி முடித்த மறுநாள் மதியம் எனக்குப் போன் செய்தார். வீட்டில் அவர் ஒருவர்தான். ஒரு பிரிட்ஜ், ஒரு மின்விசிறி. மீட்டரில் மின்சாரம் வெளியே போவதாகக் காட்டுகிறது என்று மாட்டியவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“மாப்பிள, நான் உண்டாக்குத கரண்டு எங்க போவுது?”

“தூரமா ஒண்ணும் போவாது மாமி. பக்கத்து வீட்டுக்குத்தான் முதல்ல போவும்.”

பக்கத்து வீட்டுக்காரியோடு மாமிக்கு எல்லைச் சுவர் விஷயமாகப் பேச்சில்லை. பூசைக்குப் போனால்கூட வேறு வேறு வரிசையில்தான் உட்காருவார்கள்.

“அவளுக்கா? அவளுக்கு விடாம ரோட்டுப் பக்கமா விட ஏலாதா?”

“ஏலாது மாமி. கம்பி அப்படித்தான்.”

போனில் அவருக்குப் பின்னால் கடல் கேட்டது, யாரோ மீன் விலை கூவினார்கள்.

“அவளும் ரெண்டு பிள்ளைய வச்சிருக்கா,” என்றார் மாமி. “போட்டு, அவளுக்கே போவட்டும்.” போனை வைத்துவிட்டார்.